மீதி அறுபது மீட்டர்

என் மகளுக்கு அறுபது சதவீதம். நான் சொல்லவில்லை, சான்றிதழ் சொல்கிறது. மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு, ஒரு வட்ட முத்திரையும் ஒரு நீள முத்திரையும் குத்திக் கொடுத்தது. அந்த அறுபதை எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் டாக்டரிடம் கணக்குக் கேட்டால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் இரண்டு கால்களும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவளும் யார் சொன்ன பேச்சையும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் துறை கொடுத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அலுமினியக் குழாய், நாலு கால், முன்னால் இரண்டு சக்கரம். அவளுக்கு அது வண்டி. வந்த புதிதில் இடது பக்கமாக இழுத்தது. பேரிங்கை மாற்றி, சக்கரத்துக்குப் பழைய டியூபை வெட்டி உறை மாட்டிக் கொடுத்தேன். துறையின் பொருளில் கைவைப்பது குற்றம் என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகுதான் படித்தேன். நல்லவேளை, துறையில் யாருக்கும் குனியும் பழக்கம் இல்லை.

பள்ளி விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கை கழுவியும் கிரீஸ் போகவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சுற்றறிக்கைகளாக விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் டிரில் மாஸ்டர் அளவு நாடாவோடு நின்றிருந்தார்.

"உங்க பொண்ணு இந்த வருஷம் விளையாட்டு விழாவுல ஓடப்போறா," என்றார் தலைமையாசிரியை. "இத்தனை வருஷமா அன்னைக்கு மட்டும் அவளை நூலகத்துல உக்கார வச்சு வெளியில பூட்டிட்டு வருவோம். பத்திரமா இருக்கட்டும்னுதான். இனிமே அப்படிச் செய்யக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு. எங்களுக்கும் அப்பவே மனசு கேக்கல. ஆனா சுற்றறிக்கை வராம மனசு கேக்காம இருந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்க?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன ஓட்டம் மேடம்?" என்றேன்.

"நூறு மீட்டர். அதுல அவளுக்கு நாப்பது."

"மீதி அறுபது?"

"அதான் சான்றிதழ்ல போயிடுச்சே," என்றார் டிரில் மாஸ்டர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை பொறுமையாக விளக்கினார். சுற்றறிக்கைப்படி எந்தக் குழந்தையையும் அதன் திறனுக்கு மேல் கஷ்டப்படுத்தக் கூடாது, கீழேயும் ஒதுக்கக் கூடாது. திறன் எவ்வளவு? நூறிலிருந்து சான்றிதழைக் கழித்தால் வருவது. அதுதான் தகுதி. நாற்பதாவது மீட்டரில் ரிப்பன் கட்டிவிடுவார்கள், வாலு அதைத் தொட்டதும் விசில், கோப்பை, போட்டோ. நீளத் தாண்டலில் மணல் குழியில் நாற்பது சதவீதத்தை மட்டும் அவளுக்காகக் கிளறி வைப்பார்களாம். சாக்கு ஓட்டத்தில் சாக்கு உண்டு, ஓட்டம் இல்லை. ஒரு காது மட்டும் கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான், ஐம்பது சதவீதம். அவனுக்காக விசிலை இரண்டு தடவை ஊதி, இரண்டாவதில் கிளம்பச் சொல்லப் போகிறார்கள்.

"அவன் முதல் விசிலையே கேட்டுடுவானே மேடம்," என்றேன்.

"கேட்டாலும் கிளம்பக் கூடாது. அது அவனுக்கான விசில் இல்ல."

நாற்பது என்பதை நான் வாலுவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. நூறு மீட்டர் ஓட்டத்தில் உன் பெயர் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மறுநாளே பள்ளிவிட்டு வந்து, அளந்து காட்டு என்று நின்றாள். கடைப் பின்வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிச் சுவர் வரை நாடா பிடித்தேன். நூறுக்கு இரண்டு மீட்டர் குறைந்தது. சந்துக்குள் கொஞ்சம் உள்வாங்கிக் கோடு போட்டேன்.

முதல் நாள் பதினொரு மீட்டர். அதற்கே சட்டை நனைந்துவிட்டது. அடுத்த நாள் பத்து, அதற்கடுத்த நாள் இருபது. ஒரு வாரத்துக்கு முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் ஸ்டாண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் இரக்கப்பட்டு, "பாவம், போதும்மா," என்றார். "உங்க சைக்கிளே இன்னும் நிக்கல, நீங்க என்னை நிக்கச் சொல்றீங்களா?" என்றாள். அவர் சைக்கிளின் ஸ்டாண்ட் நிஜமாகவே உடைந்திருந்தது. பதினெட்டாவது நாள் தொட்டிச் சுவரில் கையை வைத்தாள். அவள் அம்மாவுக்குத் துணி ஆலையில் பகல் ஷிப்ட். சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, நம்பாமல், மறுபடி ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு நாற்பதை எப்படிச் சொல்வது?

விழாவன்று காலையில் அவளுக்கு ஷூ மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"நாப்பதுலயா?" என்றாள். "ஏன்பா?"

"அதான் ரூல்ஸ்."

"நடுவுல நிக்கறது ஓட்டமா?" என்றாள். பிறகு அடுத்த ஷூவை எடுத்துக் கொடுத்தாள். சரி, ஒத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். ஒன்பது வருஷமாக வளர்க்கிறேன், எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

மைதானத்தில் மேடைக்கு நேர் எதிரே கயிறு கட்டி ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 'ஒருங்கிணைந்த பகுதி' என்று பலகை. வாலுவையும் காது கேட்காத பையனையும் கண்ணாடி தடிமனான இன்னொரு பெண்ணையும் அதற்குள் உட்கார வைத்தார்கள். "கிளாஸ் பிள்ளைங்களோட உக்காரட்டுமே டீச்சர்," என்று கேட்டேன். எல்லாரோடும் கலந்து உட்கார்ந்துவிட்டால் யார் கலந்திருக்கிறார்கள் என்று மேடையிலிருந்து தெரியாதாம்.

பக்கத்தில் ஒரு பந்தல். குறைபாட்டுக்குச் சதவீதம் போடும் அளவைக் குழு. ஒரு டாக்டர், ஓர் அலுவலர், ஒரு பெட்டி நிறையப் படிவம். எல்லாச் சேவையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று துறை அனுப்பியிருந்தது. காலையிலிருந்து அவர்களிடம் யாரும் சேவை கேட்டுப் போகவில்லை. டாக்டர் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

துறையின் இணை இயக்குநர் வந்தார், பேசினார்.

"சமத்துவம்னா எல்லாருக்கும் ஒரே அளவு இல்லைங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க அளவு. எங்க ஆபீஸையே எடுத்துக்கோங்க. எனக்கு லிஃப்ட், ஊழியர்களுக்குப் படிக்கட்டு. இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல. சொல்லணும்னா மேல ஏறி வரணும், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்." சிரித்தார், ஆசிரியர்கள் சிரித்தார்கள். "இந்தக் குழந்தைங்களைப் பாத்தா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுது. போன வாரம் மட்டும் ஆறு பள்ளிக்கூடத்துல வந்துச்சு. இன்னைக்கு இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் இருக்கு, அதனால சுருக்கமா முடிச்சுக்கறேன்." முக்கால் மணி நேரம் பேசினார். வெயில் ஏறிவிட்டது. கயிற்றுக்குள் நிழல் இல்லை.

கைதட்டலுக்கும் ஒத்திகை பார்த்திருந்தார்கள். வாலு கிளம்பும்போது தட்ட ஆரம்பித்து, ரிப்பனைத் தொடும்போது பலமாகத் தட்டி, டிரில் மாஸ்டர் கையை இறக்கியதும் நிறுத்த வேண்டும்.

விசில் ஊதினார்கள். மற்ற ஏழு பிள்ளைகளும் பறந்தார்கள், இருபது விநாடியில் முடித்தார்கள். காது கேட்காத பையன் மட்டும் தனக்கான விசிலுக்காக நின்றுகொண்டிருந்தான். வாலு அவளுடைய கோட்டில் வந்தாள். வண்டியைத் தள்ளி, இடது காலை இழுத்து, வலது காலை வீசி, மறுபடி தள்ளி. கைதட்டல் ஒழுங்காக நடந்தது. நாற்பதாவது மீட்டரில் ரிப்பனின் இரண்டு முனையையும் இரண்டு டீச்சர்கள் பிடித்திருந்தார்கள். கோப்பையோடு தலைமையாசிரியை, கேமராவோடு ஒருவர். அவள் ரிப்பனைத் தொட்டாள். விசில். மாஸ்டரின் கை இறங்கியது. மைதானம் கப்பென்று அடங்கியது.

அவள் வண்டியைத் தள்ளினாள்.

ரிப்பன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடவே போனது. ஒரு டீச்சர் விட்டுவிட்டார், இன்னொருவர் விடாமல் பிடித்துக்கொண்டே நாலடி நடந்தார். மாஸ்டர் ஓடி வந்து முன்னால் நின்று விசில் ஊதினார். சிறப்புக் குழந்தையை யாரும் தொட்டு நிறுத்தக் கூடாது என்று அதே சுற்றறிக்கையில் இருந்தது. அதனால் தொடாமல், பின்பக்கமாக நடந்தபடியே ஊதிக்கொண்டு போனார். "மாஸ்டர், ஓரமா போங்க, இடிச்சுடுவேன்," என்றாள் வாலு. அவர் ஓரமாகப் போனார்.

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். "மாணவி தகுதி எல்லையைத் தாண்டிவிட்டார். மாணவி தகுதி எல்லையைத் தாண்டிவிட்டார். பெற்றோர் உடனடியாக வரவும்."

நான் கோட்டோரத்துக்கு ஓடினேன். நிறுத்தத்தான் ஓடினேன், சத்தியமாக. அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, வாயெல்லாம் சிரிப்பு. அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னை அறியாமல், "விடாதே வாலு, போ, போ!" என்று கத்திவிட்டேன். முன்பே ஓடி முடித்த பிள்ளைகள் திரும்பி வந்து அவள் கூடவே நடந்தார்கள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் இரட்டைச்சடைக்காரி வண்டிக்கு முன்னால் போய், கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டே வந்தாள். கைதட்டலை யார் ஆரம்பித்தது என்று தெரியாது, ஒத்திகை பார்த்த கைதட்டல் இல்லை அது. பதினொரு நிமிஷம். வெள்ளைக்கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் அதிகமாகவே போய் நின்று, "நூறு!" என்று கத்தினாள்.

எனக்கும் அழுகை வந்தது. நாலு பேர் தோளில் தட்டினார்கள். பந்தலில் மின்விசிறியை அணைத்துவிட்டு டாக்டர் எழுந்து நின்றது என் கண்ணில் படவில்லை.

பந்தலுக்குக் கூப்பிட்டார்கள். பாராட்டத்தான் என்று நினைத்துப் போனேன். அலுவலர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், மரியாதையானவர்.

"வாழ்த்துக்கள். உங்க பொண்ணு நூறு மீட்டர் நடந்துட்டா. அப்போ அவ திறன் நூறு. நூறுல நூறு போனா?"

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"பூஜ்யம்," என்றார். "குறைபாடு பூஜ்யம். நாங்க நேர்ல பாத்துட்டோம், பாக்காத மாதிரி இருக்க முடியாது. சான்றிதழை ரத்து பண்ணிடறோம். அந்த வாக்கரை இங்கேயே ஒப்படைச்சுட்டுப் போயிடலாம், ரசீது போட்டுத் தந்துடறேன். செவ்வாய்க்கிழமை கால் பயிற்சிக்கு வரவேண்டாம். பள்ளியில பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போற ஆயாவுக்கும் சொல்லிடுவாங்க. வகுப்பும் மாடிக்கு மாறிடும், கீழ இருக்கறது சலுகை வகுப்பு."

"சார், அந்த வண்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே சார் நடந்தா!"

"அப்போ வாக்கர் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். வேலை முடிஞ்ச பொருளைத் திருப்பித் தர்றதுதானே முறை?"

"அது இல்லைன்னா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா சார். தரையில தவழ்ந்துதான் போவா."

"அது இல்லாம நடக்க முடியலைன்னா மறுபடி விண்ணப்பம் கொடுங்க. குறைபாடு இருக்கறவங்களுக்கு உடனே கிடைக்கும். ஒன்றரை வருஷம்."

டாக்டர் கொஞ்சம் இரக்கமுள்ளவர் போலிருந்தது. படிவத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு வழி இருக்குப்பா. மறுநடைன்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பாய் விளிம்பிலிருந்து மேஜை வரைக்கும் பத்து மீட்டர். எங்க முன்னால நடக்கட்டும். நடந்து வந்துட்டா, பூஜ்யம் உறுதி. நடுவுல விழுந்துட்டா, முன்னாடி நடந்ததை விழா உற்சாகம்னு எழுதிடலாம், பழையபடி எல்லாம் இருக்கும். காப்பாளர் கூடவே வரலாம், தொடக் கூடாது." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குப் புரிந்தது.

வாலு பந்தல் வாசலில் இருந்தாள். இரட்டைச்சடைக்காரி ரிப்பனை அவளுக்குத் தலையில் கட்டிவிட்டிருந்தாள். நான் அவள் முன்னால் குந்தினேன்.

"வாலு, இன்னொரு தடவை நடக்கணும். கொஞ்ச தூரந்தான்."

"நடக்கறேனே. எவ்வளவு வேணும்னாலும் நடப்பேன்."

"நடுவுல விழுந்துடும்மா."

"என்னது?"

"சும்மா விழற மாதிரி. வலிக்காம. இல்லைன்னா வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று. "போப்பா. நல்லா நடந்தா எடுத்துக்குவாங்களாம், விழுந்தா தருவாங்களாம். உன்னை நல்லா ஏமாத்தறாங்க. நான் நடக்கறதைப் பாத்தா அவங்களே விட்டுடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எல்லாரும் பாக்கறாங்கப்பா. நான் விழமாட்டேன்."

அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. உலகம் ஒழுங்காக இருந்தால் அப்படித்தான் நடக்க வேண்டும்.

பாய் விளிம்பிலிருந்து கிளம்பினாள். நான் இடது பக்கம். பந்தலைச் சுற்றி அவள் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாக நடந்தாள். சந்தில் பழகியபோதுகூட இவ்வளவு நேராக நடந்ததில்லை. நாலு மீட்டர். ஐந்து. டாக்டர் பேனா மூடியைத் திறந்தார். மாடிப்படி என் கண் முன்னால் வந்தது. ஆயா இல்லாமல் நனைந்த பாவாடையோடு சாயங்காலம் வரை அவள் உட்கார்ந்திருப்பது வந்தது. ஆறு மீட்டர். நான் இருபது வருஷமாகச் சக்கரத்தோடு பிழைக்கிறவன். எந்தச் சக்கரத்தை எங்கே தட்டினால் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். வலது பக்கம் பாய் தடிமனாக மடிந்திருந்தது, அந்தப் பக்கம் விழட்டும் என்று பார்த்து, இடது முன் சக்கரத்தின் அச்சில் செருப்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

பாயில் விழவில்லை. வண்டி அவளையும் இழுத்துக்கொண்டு பாயைத் தாண்டிப் போய்விட்டது. தாடை தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. முதல் வரிசையில் ஒருவன் மட்டும் சிரித்தான்.

"விழுந்துட்டா," என்றார் டாக்டர். குரலில் நிம்மதி. "நல்லா விழுந்திருக்கா. எழுபத்தஞ்சு போடலாம், வாக்கருக்கு இனி ஒரு பிரச்சினையும் வராது."

"அடுத்த வருஷம் இருபத்தஞ்சு மீட்டர்," என்று அலுவலர் டிரில் மாஸ்டருக்குக் குரல் கொடுத்தார். "இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க."

நான் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். தாடையில் தோல் உரிந்திருந்தது, உதட்டில் ரத்தம். என் கைக்குட்டையில் எண்ணெய், அதை வைத்துத் துடைக்க முடியவில்லை. டாக்டர் பஞ்சு கொடுத்தார்.

"கடைசிப் பத்தி பாக்கி இருக்கு," என்றார் அலுவலர். 'குழந்தையின் குரல்' என்று அதற்குத் தலைப்பு. துறை இந்த வருஷம்தான் புதிதாகச் சேர்த்ததாம். குழந்தையை மதித்து நேரடியாகக் கேட்க வேண்டும், பெற்றோர் குறுக்கே பேசக் கூடாது. அவர் குனிந்து, இனிமையாகக் கேட்டார்.

"பாப்பா, இன்னைக்கு விழாவுல சந்தோஷமா இருந்தியா?"

வாலு உதட்டிலிருந்து பஞ்சை எடுத்தாள். "நாப்பதுக்கு அப்புறம் இருந்தேன்."

"ஆமாம்னு போட்டுக்கறேன். அடுத்தது. இப்ப விழுந்தியே, அது தானா விழுந்தியா, இல்ல யாராவது காரணமா? பயப்படாம சொல்லு. யாராவது விழ வச்சிருந்தா இதெல்லாம் செல்லாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். இரட்டைச்சடைக்காரி இன்னும் பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாலு தலையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார்," என்றாள். "எனக்குத்தான் கால் சரியில்லையே."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூன்று டாக்டர்கள் முத்திரை குத்திச் சொன்னபோதுகூட அவள் அதை ஒத்துக்கொண்டதில்லை.

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றார் அலுவலர். சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, படிவத்தை என் பக்கம் நகர்த்தி, காப்பாளர் என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.